காது மெஷின்: 14 மாதம் அணிந்த பிறகு ஒரு மதிப்புரை

காதின் பின்புறம் அமர்ந்து, மெல்லிய கம்பி வழியாகக் காதுக் குழிக்குள் சிறிய ஒலிபெருக்கியை இறக்கும் வகையைச் சேர்ந்த, சார்ஜ் செய்துகொள்ளக்கூடிய ஒரு ஜோடி காது கேட்கும் கருவிகளை 14 மாதங்களாக அணிந்துவருகிறேன். ஜோடியின் விலை 1,36,000 ரூபாய். விற்பவர்கள் இவ்வகையை ‘ரிக்’ என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் காது மெஷின்தான். தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். நான் விசாரித்த நிறுவனங்கள் அனைத்திலும் இந்த விலையை ஒட்டி ஏறத்தாழ இதே வசதிகளுள்ள கருவி இருந்தது. அதோடு, நான் சொல்லவிருக்கும் குறைகளில் பாதி கருவியைச் சேர்ந்தவையே அல்ல. இவ்வளவு பணம் கொடுத்து நாம் வாங்குவது ஒலியை மட்டுமே. அந்த ஒலியைச் சொல்லாக்கும் வேலையை நம் மூளைதான் செய்தாக வேண்டும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதை வாங்கும் முன்பே யாராவது சொல்லியிருந்தால், முதல் கருவியை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்க மாட்டேன்.

முதலில் காது எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு நெசவாலையின் தறிக்கூடத்தில் 31 ஆண்டுகள் மேற்பார்வையாளராக வேலை பார்த்தேன். நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் ஒலியளவு 100 டெசிபலை ஒட்டி நிற்கும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கும் வரம்பு. பத்து டெசிபல்தானே கூடுதல் என்று தோன்றலாம். ஆனால் டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுக்குக் குறைவில்லாத இடம்தான் அது என்றாலும், அடைத்துக்கொண்டவர்களை நாங்கள் கேலி செய்தோம். கூடத்துக்குள் ஒருவரும் பேச்சைக் கேட்டதில்லை. உதட்டைப் பார்த்தோம், கைச்சாடையைப் பார்த்தோம். நூல் அறுந்தால் ஒரு சாடை, தறியைச் சீர்செய்யும் ஜாபரைக் கூப்பிட ஒரு சாடை, தேநீர் வந்துவிட்டது என்பதற்கு ஒன்று.

இந்தப் பழக்கம் எனக்குச் செய்த உபகாரமும் கேடும் 2020-ஆம் ஆண்டில்தான் தெரியவந்தன. எல்லோரும் முகக்கவசம் அணிந்த அந்த மாதங்களில் மருந்துக்கடைக்காரர், வங்கி ஊழியர், என் சொந்த மருமகன் உட்பட ஊரே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது என்று நான் உறுதியாக நம்பினேன். முகக்கவசம் குரலைச் சற்று மழுக்கும் என்பது உண்மை. ஆனால் அது மறைத்தவற்றுள் பெரியது உதடு. அதுவரை நான் பாதிப் பேச்சைக் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தேன். இது தறிக்காரர்களின் தனித்திறமையும் அல்ல. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1976-இல் வெளியிட்ட சோதனையில், ‘கா’ என்பது போல வாயசைக்கும் ஒரு முகத்தைக் காட்டிக்கொண்டு ‘பா’ என்ற ஒலியை ஒலிக்கச் செய்தபோது (முறையே ஆங்கிலத்தின் ga, ba ஒலிகள்), பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒலிக்கவே ஒலிக்காத ‘டா’ (da) என்ற ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். கண் ஒன்றைச் சொல்ல, காது வேறொன்றைச் சொல்ல, மூளை இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைச் செய்து அதையே கேட்டதாக நம்மிடம் சாதிக்கிறது. உங்கள் காது குறைந்துவருவதை உங்களிடமே மறைப்பதில் இந்தச் சமரசத்துக்குப் பெரிய பங்குண்டு.

எனக்கு அதை உடைத்துச் சொன்னவள் என் நான்கு வயதுப் பேத்தி. ஒரு நாள் என் முதுகுப் பக்கம் வந்து நின்று, “தாத்தா, காசு குடு” என்றாள். நான் ‘காது குடு’ என்று கேட்டு, ஏதோ ரகசியம் சொல்ல வருகிறாள் என்று குனிந்து காதைக் கொடுத்தேன். அவள் மறுபடியும் சொன்னாள். நான் இன்னும் குனிந்தேன். மனைவி சிரித்த சிரிப்பு மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்த வாரமே சோதனைக்குப் போனேன். ஒலி புகாத சிறு அறையில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ‘பீப்’ ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அதில் கிடைக்கும் வரைபடம் ஆடியோகிராம். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் (அதன் அளவு ஹெர்ட்ஸ்) நமக்குக் கேட்ட மிக மெல்லிய ஒலி எத்தனை டெசிபல் என்று அது காட்டும்; எண் கூடக் கூடக் குறை பெரிது. வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. என் வலக்காதில் 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், அதாவது ஏறத்தாழ நல்ல காது. 2000 ஹெர்ட்ஸில் 50. 4000 ஹெர்ட்ஸில் 70. கோடு மேசை விளிம்பிலிருந்து விழுந்ததுபோல இறங்கியது. பேச்சில் உயிரொலிகளின் வலுவெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ‘காசு’ என்பதில் நடுவே வரும் ‘ஸ்’ என்ற சீறலோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல். எனவே பேத்தி சொன்னதில் ‘கா’வும் ‘உ’வும் வந்து சேர்ந்தன, சீறல் வரவில்லை. இடையில் விழுந்த ஓட்டையை மூளை தனக்குத் தெரிந்த ஒரு சொல்லால் அடைத்துவிட்டது. ‘கேட்கிறது, ஆனால் புரியவில்லை’ என்று முதியவர்கள் சொல்லும்போது வீட்டில் உள்ளவர்கள் அதைச் சாக்கு என்று நினைக்கிறார்கள். அது ஆடியோகிராமின் துல்லியமான வாய்மொழி வடிவம்.

ஏன் உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் மட்டும் போகின்றன என்பதற்கும் விடை இருக்கிறது. செவிப்பறையின் அதிர்வை மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உள்காதில் இருக்கும் காக்ளியாவுக்குக் கடத்துகின்றன. நத்தை ஓடுபோலச் சுருண்ட அந்தக் குழாயை நீட்டினால் 35 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதன் வாயிலருகே உள்ள பகுதி உயர்ந்த ஒலிகளுக்கும், உள்முனை தாழ்ந்த ஒலிகளுக்கும் அதிர்கிறது. இதை ஆராய்ந்து கண்டவர் ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வான் பெகெஷி. தபால் தந்தித் துறையில் தொலைபேசி வேலை பார்க்கப்போன இடத்தில் காதின் மேல் ஆர்வம் கொண்டு, 1961-இல் மருத்துவ நோபல் பரிசு வரை போனவர். அந்தக் குழாய்க்குள் வரிசை கட்டி நிற்கும் மயிர்செல்கள் காதுக்குச் சுமார் 15,000. அவற்றுள் மூளைக்குச் செய்தி அனுப்பும் முதன்மை வேலையைச் செய்பவை உள்வரிசையில் உள்ள 3,500 செல்கள் மட்டுமே. வெளிவரிசையில் உள்ள ஏறத்தாழ 12,000 செல்கள் மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கும் உதவியாளர்கள். பேரிரைச்சலில் முதலில் அடிபடுபவை இந்த உதவியாளர்கள்தான், அதிலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில். மனிதக் காதில் போனவை மீண்டும் முளைப்பதில்லை. உதவியாளர்கள் இல்லாத காதுக்கு மெல்லிய ஒலி கேட்பதே இல்லை; ஆனால் பெரிய ஒலி பழையபடி பெரிதாகவே கேட்கிறது. காது குறைந்த கிழவரிடம் கத்திப் பேசினால் “ஏன் கத்துகிறாய்” என்று அவர் எரிந்துவிழுவதன் காரணம் இதுதான்.

ஆகவே எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டும் கருவி இந்தக் காதுக்கு உதவாது. எனக்கு முதலில் விற்கப்பட்டது ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். இலவசப் பரிசோதனை முகாம் என்ற பதாகையைப் பார்த்து ஒரு கடைக்குள் நுழைந்தேன். வலக்காதுக்கு மட்டும் ஒரு கருவியை 38,000 ரூபாய்க்கு மாட்டி, கணினியில் இரண்டு மூன்று முறை தட்டி, கால் மணி நேரத்தில் வழியனுப்பினார்கள். பாத்திரம் விழும் சத்தம் மண்டையில் ஆணி அடித்தது. பேச்சோ பழைய நிலையிலேயே இருந்தது. அதைவிட மோசம், அவிநாசி சாலையைக் கடக்கும்போது ஹாரன் ஒலி கேட்டது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. திசையை அறிய மூளை இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் ஒப்பிடுகிறது. நேர வேறுபாடு அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணக்கை நாம் அறியாமலே போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறோம். ஒரு காதை மட்டும் உரக்கப் பேசவைத்தால் கணக்கு ஒருபக்கமாகச் சாய்கிறது. இரண்டு காதிலும் குறை உள்ளவருக்கு ஒரு காதுக்கு மட்டும் கருவி விற்பவரிடம், காரணத்தை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, நான்கு மாதத்தில் அந்தக் கருவி இழுப்பறைக்குள் போனது.

இப்போதைய ஜோடியை வேறோர் ஆடியாலஜிஸ்டிடம், அதாவது காதைச் சோதித்துக் கருவியை அமைத்துத் தரும் நிபுணரிடம், வாங்கினேன். இத்தகைய நிபுணர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று இம்முறை முதலிலேயே கேட்டுக்கொண்டேன். மனைவியையும் அழைத்துவரச் சொன்னார். இருபத்தைந்து சொற்கள் கொண்ட பட்டியலைப் படித்து, நான் திருப்பிச் சொல்வதைக் குறித்துக்கொண்டார். கருவியில்லாமல் 17 சரியாக வந்தன. பிறகு என் காதுக் குழிக்குள் செவிப்பறைக்குச் சற்று முன்புவரை முடியளவு மெல்லிய குழாயை நுழைத்து, அதன்மேல் கருவியையும் மாட்டி, பேச்சுப் பதிவை ஒலிக்கவிட்டு, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்தார். காதுக் குழி இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழல். அதன் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும், எனவே கணினி ஊகிக்கும் அளவும் உள்ளே சேரும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. என் காதில் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஊகம் கணிசமாகக் குறைந்திருந்தது. அந்த வேறுபாட்டைத் திரையில் நானே பார்த்தேன். மென்மையான ஒலிக்கு அதிகப் பெருக்கம், நடுத்தர ஒலிக்குக் குறைவான பெருக்கம், பேரொலிக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்ற விகிதத்தில் அவர் அமைத்தபின் அதே வகைப் பட்டியலில் 21 சொற்கள் சரியாக வந்தன. கருவியின் விலையில் எந்தப் பகுதி நியாயமானது என்று கேட்டால், இந்த ஒன்றரை மணி நேரம்தான் என்பேன். இந்த அளவீட்டுச் சாதனம் எல்லா மையங்களிலும் இருப்பதில்லை. இருக்கும் இடங்களிலும் கேட்டால்தான் சில சமயம் எடுக்கிறார்கள்.

முதல் மூன்று வாரங்களைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் ஒலி என் வேட்டி உரசும் சரசரப்பு. அடுத்து, சுவர்க் கடிகாரம். பால் பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறையை மனைவி கசக்கியபோது அடுப்பில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். கடுகு வெடிப்பது எட்டு ஆண்டுகளுக்குப் பின் கேட்டது; அது இனிமையாக இருந்தது என்று எழுதினால் பொய், அது எரிச்சலாகவே இருந்தது. நல்ல காது உள்ளவருக்கும் இவையெல்லாம் கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் தோளில் கிடக்கும் துண்டைத் தோல் மறந்துவிடுவதுபோல, மாறாத ஒலிகளையும் பொருளற்ற ஒலிகளையும் மூளை தள்ளிவைத்துவிடுகிறது. பல ஆண்டுகள் அந்த ஒலிகளே வராமல் போனதால் என் மூளை அவற்றைத் தள்ளிவைக்கும் பழக்கத்தை இழந்திருந்தது. எல்லாம் புதுச் செய்தியாகவே வந்து கதவைத் தட்டின. ஆடியாலஜிஸ்ட் தொடக்கத்தில் தேவையான பெருக்கத்தில் 80 விழுக்காடு மட்டுமே கொடுத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டும்படி கருவியை அமைத்திருந்தார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாவது கழற்றாமல் அணிய வேண்டும் என்பது அவருடைய ஒரே கண்டிப்பு. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று ஐயம் வந்து பார்த்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நம் சொந்தக் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கும் என்ற புகார் பலருக்கு உண்டு. காதுக் குழியை ரப்பர் முனை முழுக்க அடைத்தால், எலும்பு வழியாக வரும் நம் குரலின் தாழ்ந்த பகுதி வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. என்னைப்போலத் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பவருக்குத் துளையுள்ள முனை போதும். அதை மாற்றியதும் குரல் பானையிலிருந்து வெளியே வந்துவிட்டது. துளை பெரிதானால் ‘கீச்’ என்று விசில் அடிக்கும் வாய்ப்பு கூடுகிறது, பேத்தி கட்டிப்பிடிக்கும்போது இன்னும் அடிக்கிறது.

இனி கருவி தோற்கும் இடங்களுக்கு வருகிறேன். கல்யாண மண்டபத்தில் இது தோற்கிறது. பல குரல்களின் நடுவே ஒருவர் குரலை மட்டும் பிடித்துக்கொள்வது எப்படி என்ற கேள்வியை காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953-இல் எழுப்பினார். இன்றுவரை அந்த வேலையில் மனித மூளைக்கு நிகரான சாதனத்தை எந்த நிறுவனமும் காதுக்குப் பின்னால் வைத்துவிடவில்லை. கருவியிலுள்ள இரண்டு மைக்குகளும் சேர்ந்து முன்னால் இருந்து வரும் ஒலிக்கு முன்னுரிமை தருகின்றன, அவ்வளவே. எனவே பந்தியில் மேளக்காரர்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படியும், பேசவேண்டியவர் எதிரே இருக்கும்படியும் இடம் பார்த்து உட்கார்கிறேன். மைக்குகள் காது மடலுக்கு மேலே இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒலி முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று சொல்லும் நுண்ணிய வேறுபாடுகளை உண்டாக்குவது மடலின் மேடு பள்ளங்கள், மைக் அவற்றைத் தாண்டி மேலே உட்கார்ந்திருக்கிறது. ஸ்கூட்டர் பின்னால் வருகிறதா முன்னால் வருகிறதா என்பதில் நான் இன்னும் தடுமாறுகிறேன்.

இசையில் இது தோற்ற விதம் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. மார்கழியில் மகள் வீட்டுக்குச் சென்னைக்குப் போனபோது ஒரு சபாக் கச்சேரியில் போய் அமர்ந்தேன். தம்புரா சீராக ஒலிக்கத் தொடங்கிய சில நொடிகளில் சுருதி நடுங்கத் தொடங்கியது. ஆலாபனையில் பாடகர் மேல் சட்ஜத்தில் நின்றபோது, கூடவே வேறொருவர் சற்று விலகிய சுருதியில் சேர்ந்து பாடுவதுபோலக் கேட்டது. தவறு பாடகருடையது அல்ல. கருவிக்குள் விசில் தடுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீண்டு நிற்கும் தூய ஒலி எதைக் கேட்டாலும் அதை விசில் என்று எண்ணி அழிக்கப் பார்க்கிறது. நம் இசையோ நீண்டு நிற்கும் ஒலியின் மேலேயே கட்டப்பட்டது. அத்தோடு மிருதங்கத்தில் பலமாக ஒரு ‘தொம்’ விழும்போதெல்லாம் பேரொலியைக் குறைக்கும் ஏற்பாடு விழித்துக்கொண்டு, பாட்டையும் சேர்த்து ஒரு கணம் அமுக்கிவிடுகிறது. ஊர் திரும்பியதும் ஆடியாலஜிஸ்டிடம் சொன்னேன். விசில் தடுப்பை நிறுத்தி, பெருக்கத்தைச் சமமாக்கி, இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். இப்போது தம்புரா தம்புராவாகவே கேட்கிறது. பேச்சுக்கு அமைத்த கருவியோடு யாரும் கச்சேரிக்குப் போகவேண்டாம்; இந்த அமைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை, கேட்டால் மட்டும்தான் செய்வார்கள்.

தொலைபேசி அழைப்பு இரண்டு காதுகளிலும் நேராக ஒலிக்கிறது. அது பெரிய வசதி. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே கடத்துவதால் சீறல் ஒலிகள் அங்கே எவருக்கும் மங்கல்தான் என்றாலும், இரு காதுகளில் கேட்பது ஊகத்துக்குக் கைகொடுக்கிறது. சார்ஜ் ஒரு நாள் தாங்குகிறது. பேட்டரி மாற்றும் வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள், பொத்தான் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் போட வேண்டும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு இயங்குவது. கை நடுங்குபவர்களுக்குச் சார்ஜ் வகையே மேல். வியர்வைதான் இதன் முதல் எதிரி. சென்னையில் பத்து நாள் இருந்ததில் இடக்காதின் ஒலிபெருக்கி மங்கிப்போய், உத்தரவாதக் காலத்துக்குள் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள டப்பாவில் வைக்கத் தொடங்கிய பிறகு சிக்கல் இல்லை. காதுக் குறும்பி அடைக்காமல் தடுக்கும் சிறு வலையை மாதம் ஒரு முறை மாற்றுகிறேன். ‘கருவி செத்துவிட்டது’ என்று நினைத்து நான் இருமுறை மையத்துக்கு ஓடியதும் இந்த வலை அடைத்துக்கொண்டதால்தான். கைபேசிச் செயலி வண்ணமயமாக இருக்கிறது, ஒலி கூட்டவும் குறைக்கவும் தவிர அதில் நான் தொட்டது எதுவுமில்லை.

இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள கருவியை இரண்டு வாரம் அணிந்து பார்த்தேன். இரைச்சலில் சிறிது மேல். அமைதியான அறையில் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அந்தச் சிறிது போதுமா என்பதை அவரவர் வாரத்துக்கு எத்தனை முறை கூட்டத்துக்குள் போகிறார் என்பதை வைத்துத் தீர்மானிக்கலாம்.

வாங்கப் போகிறவர் அணிந்து பார்க்கும் காலத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும், தினமும் பேசும் ஒருவரையும் உடன் அழைத்துப் போகட்டும். ஆடியாலஜிஸ்ட் என் மனைவியை எனக்குப் பின்னால், நான் பார்க்க முடியாத இடத்தில் நிறுத்தி, சொற்பட்டியலைச் சாதாரணக் குரலில் படிக்கச் சொன்னார். பட்டியல் முடிந்த பிறகு அவள் தானாக ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டாள். “காசு” என்றாள், நான் சட்டைப்பையைத் தொட்டேன்.